வண்டியிலிருந்து இறங்காத அரிசி

சொன்னது தப்பு என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு போகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். நானும் அந்தக் கூட்டந்தான். சொன்ன இடத்துக்கே திரும்பி நடந்து போய், சொன்ன ஆளையே தேடிப் பிடித்துத் திருத்திவிட்டு வருகிற ஒரு பிறவியை என் ஆயுசில் ஒரே ஒருத்தியைத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு வாரம் போலத் தங்கியிருந்தாள்.

பெயர் இருந்தது. எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. செஞ்சிக் கடைத்தெரு முதல் நாளே அவளுக்குத் தொரசானி என்று பெயர் வைத்துவிட்டது. எந்த நாடு என்று கேட்டால் பனி கொட்டுகிற ஒரு நாட்டைச் சொல்வாள். அம்மாவுக்கு அது கடைசிவரை லண்டன்தான். “லண்டன் இல்லை அம்மா” என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவாள். “சரிம்மா, அந்தப் பக்கந்தானே” என்பார்கள் அம்மா. இல்லை, வேறு பக்கம் என்று தரையில் விரலால் கடலெல்லாம் போட்டுக் காட்டுவாள். அம்மா கவனமாகப் பார்த்துவிட்டு, “லண்டன்ல இம்மாம் தண்ணியா” என்பார்கள்.

மெட்ராசில் ஒரு கல்லூரியில் தமிழ் படிக்க வந்தவள். பாதிப் படிப்பு முடிந்து மீதிப் படிப்பு தொடங்குவதற்கு நடுவில் லீவு விட்டிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் தாஜ்மகால் பார்க்க ரயிலேறினார்களாம். இவள் பஸ் ஏறிச் செஞ்சிக் கோட்டைக்கு வந்தாள். கேட்டதற்கு, “அங்கே போனால் யாரோடு தமிழ் பேசுவேன்?” என்றாள். நியாயந்தானே.

பூக்காரம்மாவிடம் நடந்ததைச் சொல்கிறேன், அவளைப் பற்றி உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பூக்காரம்மா கேட்டிருக்கிறாள். ரெண்டு அண்ணன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் இவள். எங்கள் வாசல்படி ஏறினவள், காலைக் கீழே வைத்து அப்படியே திரும்பி நடந்தாள். வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை போய், “ஒருவன் அண்ணன், ஒருவன் தம்பி. தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றாளாம். பூக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அண்ணனோ தம்பியோ, ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும். பூ வேணுமா வேணாமா?” என்றாளாம். அதையும் இவளே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் காது மடல் வரை சிவந்துபோகும்.

அத்தாதான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்றைக்குப் பயணியர் பங்களாவில் யாரோ பெரிய ஆபீசர் கேம்ப். பெண்பிள்ளை தனியாகத் தங்க வேறு இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றவளைப் பார்த்து, “நம்ம வூடு இருக்குது, வாங்க” என்றுவிட்டார் அத்தா. அவர் எப்போதுமே விருந்தாளியைக் கண்டால் விடமாட்டார். ஆனால் அந்தத் தடவை உள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது. அது நான்.

எனக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நோன்புப் பெருநாள் முடிந்ததும் வந்து நிச்சயம் செய்வதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தாய்மாமா எங்கள் தெருவிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் தலையாட்டினால் திண்டிவனம் தலையாட்டும். வெளிநாட்டு விருந்தாளி தங்குகிற வீடு என்றால் அவர் கண்ணுக்கு ஒரு எடுப்பாகத்தானே இருக்கும்?

எடுப்பு எங்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டை ஒட்டியே அத்தாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ரெண்டு வருஷமாக வானம் பொய்த்துக் காடெல்லாம் காய்ந்து கிடந்தது. மண்டியில் முன்வரிசை மூட்டைகளுக்குள் இருந்தது மல்லாட்டைத் தோல். அம்மாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு அடைத்துத் தைத்தோம். “ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்” என்பார் அத்தா. “படுத்த ஆனைக்கும் தீனி போடணுமே” என்பார்கள் அம்மா, அவர் காதில் விழாமல். என் நிக்காஹ் முடிகிறவரை இந்தக் குதிரை மட்டம் வெளியே தெரியக்கூடாது. வீட்டில் எல்லாருக்கும் மூச்சு அதிலேதான் நின்றது.

அரிசிப் பஞ்சம் ஊருக்கே இருந்த காலம் அது. ரேஷன் கடை வரிசை பிள்ளையார் கோயில் வரை நிற்கும். அப்படியிருந்தும் அந்த மாசம் எங்களுக்கு நிம்மதி, ஏனென்றால் அது நோன்பு மாசம். நோன்பு எங்களுக்கு ஒரு திரை போல இருந்தது. தெருவே பகலெல்லாம் பட்டினி கிடக்கையில் யார் வீட்டுப் பட்டினி எதனால் என்று யாருக்குத் தெரியும்? அடுப்பு புகையவில்லை என்றால் நோன்பு. முகம் வாடியிருந்தால் நோன்பு. மண்டியில் அத்தா சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அதுவும் நோன்பு. விடியுமுன் எழுந்து சாப்பிடுகிற சஹர் சோறு பாதி நாள் எங்களுக்கு வெறும் நீராகாரந்தான். நோன்பை முடிப்பதை எங்களில் திறப்பது என்போம். மற்றவர்களெல்லாம் பட்டினியை மாலையில் திறந்தார்கள். நாங்கள் திறந்தும் பட்டினிதான்.

அம்மா முதல் நாளே எங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டார்கள். “நோன்புன்னு அந்தப் பொண்ணு காதுல விழக்கூடாது. தெரிஞ்சா ஒரு வாய் எறங்காது அதுக்கு. விருந்தாளியப் பட்டினி போட்ட பாவம் நமக்கு எதுக்கு?”

அவளுக்கு அது தெரிய வேறு வழியும் இல்லை. அவளுடைய வாத்தியார் தமிழ்நாடு என்றால் கோயில் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். கோயில் கோயிலாகத்தான் சுற்றினாள். தளவானூர் குகைக்குப் போனாள், ராஜகிரி உச்சிவரை ஏறினாள், குரங்கிடம் தொப்பியைப் பறிகொடுத்தாள். ராத்திரி படுத்தால் கட்டை. சஹர் நேரத்துக்குத் தெருவில் கொட்டு அடித்துக்கொண்டு போவதெல்லாம் அவள் காதுக்கு எட்டாது.

மத்தியானம் அவளுக்கு மட்டும் சோறு, ஒரு குழம்பு. எங்களையும் உட்காரச் சொல்லுவாள். நாங்க அப்புறம் சாப்டுக்கறோம் என்போம். நோன்பு வைத்தவர்கள் உப்புப் பார்க்க முடியாதே, அம்மா கைக்கணக்கில்தான் போடுவார்கள். ஒரு நாள் குழம்பு எப்படி இருக்குது என்று கேட்டார்கள். “மிகவும் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிக் கை கழுவிக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பினாள். கால்மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

“அம்மா, நான் பொய் சொன்னேன். குழம்பில் உப்பே இல்லை.”

அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்கள். இதைச் சொல்லவா கோட்டை வாசல்வரை போனவ திரும்பி வந்தே என்று கேட்டதற்கு, “நாளைக்கும் நீங்கள் அப்படியே செய்வீர்களே” என்றாள். ஆனால் சிரிக்காமல் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். கால்மணி நேரம் கழித்து வந்தபோதும் நாங்கள் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. சட்டி கவிழ்த்துக் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் நேரம் தவறி நேரம் தவறி வர ஆரம்பித்தாள். மறந்துபோன பென்சில், வெயிலுக்குத் துண்டு என்று ஏதாவது சாக்கு. ஒரு நாள் மண்டிக்குப் போய் அத்தாவோடு பேசிக்கொண்டே முன்வரிசை மூட்டையில் சாய்ந்தாள். மூட்டை அப்படியே உள்வாங்கிக்கொண்டது. விழப்போனவள் நிமிர்ந்து, மூட்டையிடமே மன்னிப்புக் கேட்டாளாம். அத்தா வந்து சொன்னபோது நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் எதிரில்தானே இருக்கிறார்.

சாயங்காலம் அத்தா பள்ளிவாசலிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி வாங்கி வருவார். பணக்காரர் ஏழை எல்லாரும் வாங்குகிற கஞ்சிதான் அது. நாலு மாடி வீட்டுக்காரரும் தூக்கோடுதான் நிற்பார். அவளுக்கு அது எப்படித் தெரியும்? மண்டி முதலாளி கையில் பாத்திரத்தோடு பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நிற்கிறார். இருட்டுகிற நேரத்தில் வீடே உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடிக்கிறது. அவளுக்கு மட்டும் சோறு. இதைத்தான் அவள் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ராஜா காலத்து நெல் களஞ்சியம் எவ்வளவு பெரிசு, உள்ளே நின்று கூப்பிட்டால் குரல் எப்படித் திரும்பி வருகிறது என்றெல்லாம் சொன்னாள். “வெறுமையாக இருப்பதால்தான் திரும்பி வருகிறது” என்றாள். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் ஏறி மேல்மலையனூர் போனாள். அங்கே கூட்டத்தில் சாதம் போடுகிறார்கள், இலைக்கு அடித்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். மறுநாள் அங்கிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. வல்லத்துக்குப் போனாள். கோட்டையில் பழக்கமான ஒரு குடியானவர் அங்கே இருந்தார்.

அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆண்களெல்லாம் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம். பெருநாளுக்கு முந்தின நாளாக இருக்குமோ, பிறை தெரியுமோ என்று பேச்சு. எங்கள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பின்னால் தொரசானி, முழங்கால்வரை செம்மண்ணாக. மேட்டில் மாடு இழுக்கத் திணறியபோது தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். வண்டியில் அரிசி மூட்டை. அவள் கையில் எப்போதும் கட்டியிருக்கிற கடிகாரம் இல்லை. பின்னால்தான் அதைக் கவனித்தேன்.

வண்டிக்காரர் வல்லத்து ஆள், நல்ல மனுஷன், குரல் மட்டும் ஏரிக்கரைக் குரல். “பாய், தொரசானி குடுத்தனுப்பிச்ச அரிசி. வூட்ல பட்டினின்னு சொல்லிச்சு பாவம். எங்க எறக்கட்டும்?”

தெரு நின்றுவிட்டது. வேறெப்படிச் சொல்ல? சைக்கிள் கடைக்காரர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தபடியே நின்றார், மடிக்கக்கூட இல்லை. நான் சன்னல் பலகைக்குப் பின்னால் இருந்தேன்.  நோன்பு மாசக் கடைசியில் ஒரு வீட்டு வாசலில் அரிசி வந்து இறங்கினால் அதற்கு எங்களில் ஒரே அர்த்தந்தான். அது வாங்குகிற வீடு, கொடுக்கிற வீடு அல்ல. பெருநாள் தொழுகைக்கு முன்னால் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குத் தானியம் அளந்து கொடுத்தாக வேண்டும். அதற்கு ஃபித்ரா என்று பெயர். என் அத்தா ஊரறிய அளந்து கொடுத்தே பழகினவர்.

அத்தா படியிறங்கி வந்தார். வண்டியையும் பார்த்தார், தெருவையும் பார்த்தார், தொரசானியையும் பார்த்தார். அவளுடைய முகத்தில் என்ன சந்தோஷம் தெரியுமா! பரீட்சையில் நல்ல மார்க் வாங்கின பிள்ளை மாதிரி.

“எறக்காதே,” என்றார் அத்தா. “வண்டியிலயே இருக்கட்டும். ஃபித்ராவுக்குச் சொல்லி வச்ச அரிசி. நேரத்துக்கு வந்துடுச்சு.” வீட்டுக்குள் திரும்பி, “படியை எடுத்தா” என்றார்.

நான்தான் அளக்கிற படியை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். அம்மா கதவிடுக்கு வழியாக நீட்டினார்கள். தெருக்கோடியில் இருந்த ஏழைகளுக்கெல்லாம் ஆள் போய்விட்டது. முந்தானையோடும் துண்டோடும் வந்து நின்றார்கள். அத்தா வண்டிமேல் ஏறி நின்று தலைதட்டாமல் கோபுரமாக அளந்து போட்டார். “அம்மா, நீங்களும் ஒரு கை வைங்க” என்று தொரசானியைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏறி அளந்தாள். உள்ளே அம்மாவும் நானும், அரிசி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். நல்ல அரிசி. சத்தத்திலேயே தெரிந்தது. கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம் என்பார்கள். எனக்கு அன்றைக்கு ரெண்டும் ஒன்றாக அழுதது.

சாக்கை உதறி மடித்தபோது சைக்கிள் கடைக்காரர் வண்டியருகே வந்து அத்தாவிடம், மச்சானுக்குக் கை எப்பவுமே பெரிய கை என்றார். பிறகு தொரசானியைப் பார்த்துச் சொன்னார். “உனக்கு ஒன்னும் சொல்லலியாம்மா இவங்க? இது நோன்பு மாசம். பகல்ல பச்சைத்தண்ணி பல்லுல படாது எங்களுக்கு. அதுலயும் உனக்குன்னு அடுப்பு மூட்டி ஆக்கிப் போட்டிருக்காங்க பாரு. அந்த வூட்டைப் போயி பட்டினின்னுட்டியே.”

அவள் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் சன்னலிலிருந்தே பார்த்தேன். சிரித்தால் காதுவரை சிவக்கும் என்றேனே, இது கழுத்துக்குக் கீழேயும் போயிற்று. கஞ்சி, கவிழ்த்த சட்டி, உப்பில்லாத குழம்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் இடம் மாறுவது தெரிந்தது.  அத்தாவைப் பார்த்துக் கை கூப்பினாள். அப்புறம் எப்போதும் செய்வதைச் செய்தாள். திரும்பி நடந்தாள்.

எங்கள் வீடு பட்டினி என்று யார் யாரிடம் சொல்லியிருந்தாளோ அவ்வளவு பேரிடமும் போனாள். பூக்காரம்மா, பஸ் கண்டக்டர், ரேஷன் கடை வரிசையில் பழக்கமான பெண்கள். வண்டிக்காரரிடம், வல்லத்துக் குடியானவருக்கும் சேதி சொல்லச் சொன்னாள். “நான் தவறாக நினைத்துவிட்டேன். அது வசதியான வீடு. அவர்கள் நோன்பு இருக்கிறார்கள். நான் அறிவில்லாமல் பேசிவிட்டேன்.” சைக்கிள் கடையிலும் போய் ஒரு தடவை சொன்னாள். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காராமல் நின்றபடியே சொன்னாளாம்.

கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேள்விப்பட்ட எனக்கு எப்படி இருந்திருக்கும்? தப்பான பாதையில் நடந்து சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தவள் அவள். வீடு பட்டினி என்றாள், பட்டினிதான். அதைப் பொய் என்று ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் வெட்கத்தில் குன்றிப்போய். வெட்கப்பட வேண்டிய வீடு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். வெளியே பிறை பார்க்கப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியாகத் திருத்த வேண்டிய ஆள் அம்மா. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, உதடு அசைந்துகொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையற்கட்டு வாசலுக்குப் போய்விட்டாள். எனக்குத் தடுக்க நேரமில்லை.

அம்மா அரிசிப் பானைக்குள் தோள்வரை கையை விட்டுக் குனிந்திருந்தார்கள். முகம் பானை வாயோடு ஒட்டியிருந்தது. ஆழாக்கு அடிமண்ணைச் சுரண்டுகிற சத்தம். விருந்தாளிக்கு ராத்திரிச் சோறு ஆக வேண்டுமே. சுரண்டுவார்கள், உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள், மறுபடி குனிவார்கள்.

தொரசானி நிலைப்படியில் நின்றாள். மண்டியில் சாய்ந்ததும் உள்வாங்கிய மூட்டையும் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் நான் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அவள் வாசலுக்குத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. போச்சு என்று நினைத்தேன். பூக்காரம்மாவிடம் போவாள், கண்டக்டரிடம் போவாள், சைக்கிள் கடைக்குப் போவாள். மறுபடியும் தவறாகச் சொல்லிவிட்டேன் என்பாள். அதுதானே அவள் சுபாவம். அண்ணனைத் தம்பியாக்க வெயிலில் நடந்தவள் இதற்கா நடக்கமாட்டாள்? துணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு காலைச் செருப்புக்குள் விட்டிருந்தாள். தெருவைப் பார்த்தபடி அப்படியே நின்றாள், எவ்வளவு நேரமோ. எதிரில் சைக்கிள் கடையில் விளக்கு ஏற்றினார்கள். பிறகு அந்தக் காலைச் செருப்பிலிருந்து எடுத்தாள்.

உள்ளே வந்தபோது வேண்டுமென்றே கதவைச் சத்தமாகத் தள்ளினாள். அம்மா நிமிர்ந்து பானையை மூடுகிறவரை வெளியிலேயே இருமிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, இன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். நானும் உங்களோடு கஞ்சி குடிக்கிறேன்.”

“அது எப்படிம்மா,” என்றார்கள் அம்மா.

“நோன்புக் கஞ்சியை நான் இன்னும் குடித்துப் பார்க்கவே இல்லையே.”

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், நோன்பு திறக்கிற நேரம். எங்களோடு தரையில் உட்கார்ந்து குடித்தாள். பாத்திரத்தை ஏந்திய மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பட்டை போட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தார்கள்.  உப்பு எப்படி இருக்குது என்று மட்டும் கேட்டார்கள். “சரியாக இருக்கிறது” என்றாள். அம்மாவும் நானும் அவள் முகத்தையே பார்த்தோம். இல்லை, அதைத் திருத்த அவள் திரும்பி வரவில்லை. சரியாகத்தான் இருந்தது.

பெருநாள் அன்று காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். என் நிக்காஹ் நடந்தது. வண்டியில் வைத்து ஃபித்ரா அளக்கிற வீட்டில் பெண் எடுத்தோம் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். அவர் மௌத்தாகிறவரை, கண் மூடுகிற நாள்வரை பேசினார். அந்தப் பேச்சு தொடங்கியதும் நான் உள்ளே எழுந்து போய்விடுவேன். வேலை இருக்கிறதோ இல்லையோ, அரிசிப் பானையைத் திறந்து குனிந்துகொள்வேன், முகம் யாருக்கும் தெரியாதபடி.